நீ இரண்டாம் முறை வரைந்த கடல்

இன்று காலை பீரோவில் துண்டு தேடியபோது உன் பழைய நூல் சேலை கையில் வந்தது. படம் வரையும்போது மட்டும் நீ உடுத்துகிற சேலை. முந்தானை முழுக்க பிரஷ் துடைத்த நீலக் கறைகள். முகத்தருகே கொண்டுபோனேன். இத்தனை மாதம் கழித்தும் டர்பன்டைன் வாசம் போகவில்லை. என் எலக்ட்ரிக் கடையைத் திறக்கிற நேரம் தாண்டிவிட்டது. பரவாயில்லை என்று கட்டிலில் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குற்றாலத்தில் சீசன் தொடங்குவதற்கு முன்னால் லாட்ஜ்காரர்கள் தென்காசியில் நம் வீட்டுக்கு வருவார்கள். வரவேற்பறையில் மாட்ட ஓர் அருவிப் படம் வேண்டும் என்பார்கள். தண்ணீர் கூடினால் பேரருவியில் பாறையின் எந்த மடிப்பு மறையும், குறைந்தால் எது முதலில் வெளியே தெரியும் என்பதெல்லாம் உனக்கு மனப்பாடம். அடுப்பில் உலை கொதிக்கும், நீ பின்கட்டில் அருவி வரைந்துகொண்டிருப்பாய்.

அப்படி ஒரு லாட்ஜில் உன் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஊர்க் கமிட்டிக்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். திருச்செந்தூருக்குத் தெற்கே மீனவர் ஊர். வலை பின்னுவதற்குப் புதிதாகக் கூடம் கட்டியிருக்கிறார்கள், அதன் நீளச் சுவர் முழுக்கக் கடல் வரைய வேண்டும் என்றார். அப்போது உனக்கு ஐம்பத்திரண்டு வயது. கோயிலுக்குப் போனபோது கூட்டத்தோடு கூட்டமாக நாலைந்து முறை கடலைப் பார்த்திருக்கிறாய், அவ்வளவுதான்.

"வீட்ட விட்டுட்டு அங்கன போய் எத்தன நாளு இருப்பே? அருவி பத்தாதா?" என்று கேட்டேன்.

"இத்தன வருசம் விழுத தண்ணியத்தான் வரஞ்சிருக்கேன். எந்திரிச்சு வார தண்ணிய ஒரு தடவ வரஞ்சு பாக்கேனே" என்றாய்.

பன்னிரண்டு நாளில் முடித்துவிட்டதாகப் போன் செய்தாய். ஞாயிற்றுக்கிழமை நான் திருநெல்வேலியில் பஸ் மாறி வந்து சேர்ந்தேன். சுவரைப் பார்த்து அசந்துபோனேன். அலையின் நுரை அப்படி மின்னியது. ஊர் மொத்தமும் கூடி நின்றது. மீன்பிடி வள்ளம் ஓட்டும் வயதானவர் ஒருவர் முன்னால் வந்தார்.

"நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா இது மேலருந்து விழுத தண்ணில்லா? கடல்னா காத்து வேணும். காத்து எங்கன?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஊர்க்காரர்கள் உனக்குக் கொடுத்திருந்த அறைக்கு வந்ததும் உன் துணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தேன். "கெளம்பு. இவங்களுக்குப் படத்தப் பத்தி என்ன தெரியும்?"

நீ பையிலிருந்து சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாய். "படத்தப் பத்தித் தெரியாது. கடலப் பத்தித் தெரியும்லா" என்றாய்.

மறுநாள் விடிந்ததும் வெள்ளை பெயின்ட் வாளியோடு போய், பன்னிரண்டு நாள் உழைப்பை நீயே உருளை வைத்து அழித்தாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கடையில் ஒரு ஒயரிங் தப்பாகிவிட்டால் அதை ஒத்துக்கொள்ளவே எனக்கு ஒரு நாள் ஆகும். உனக்கு ஒரு ராத்திரி தூக்கம் போதுமாயிருந்தது.

அதன்பிறகு இரண்டு மாதம் நீ சுவர் பக்கமே போகவில்லை. சனிக்கிழமைதோறும் நான் வந்தபோது கண்டதெல்லாம் இதுதான்: விடியற்காலையில் வள்ளங்கள் கரையேறும் இடத்தில் பள்ளிக்கூட நோட்டோடு உட்கார்ந்திருப்பாய். மீன் பிரிக்கிற பெண்களோடு பாலில்லாத கட்டங்காப்பி குடிப்பாய். தேங்காய்ச் சிரட்டையில் வண்ணம் குழைத்து, கடலைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி மணலில் கொட்டுவாய். வெயில் ஏறினால் சோறு பொங்கித் தூங்குவாய். சாயங்காலம் மறுபடி அதே இடம். முகம் கறுத்துப்போயிருந்தது. அத்தனை சந்தோஷமாக உன்னை நான் பார்த்ததே இல்லை.

ஆடி பிறந்து ஒரு நாள் மத்தியானம் கடைக்குப் போன் வந்தது. காற்றின் இரைச்சலில் உன் குரல் பாதிதான் கேட்டது.

"என்னங்க, குத்தாலத்துல சாரல் அடிக்குதா?"

"ரெண்டு நாளா நிக்காம அடிக்கு. எதுக்கு?"

"இங்கன கச்சான் காத்துன்னு சொல்லுதாங்க. மேக்கருந்து வருது. கண்ணத் தெறக்க முடியல, ஒரே மண்ணு. இது நம்ம காத்துங்க! செங்கோட்டைக் கணவாய் வழியா வந்து, மழைய எல்லாம் குத்தாலத்துல கொட்டிட்டு, வெறுங்கையோட இங்கன வந்து சேருது. அல கரைக்கு வருது, காத்து அது உச்சிய மட்டும் பிச்சு கடலுக்கே திருப்பி எறியுது. இத வரையாமப் போய்ட்டேனே!"

போனை வைத்த பிறகுதான் கவனித்தேன், வாடிக்கையாளர் முன்னால் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதே சுவரை இரண்டாம் முறை ஒன்பது நாளில் வரைந்து முடித்தாய். இந்த முறை நுரை மின்னவில்லை. அலைகள் கரையை நோக்கி எழுந்து வந்தன, அவற்றின் தலைமயிர் கடல் பக்கம் பறந்தது. அதே வள்ளக்காரர் வந்தார். கண்ணில் மண் விழுந்ததுபோல் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். பிறகு வாசலைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "ஏட்டி, இங்கன வந்து பாரு! கச்சான் அடிக்கு!"

எனக்கு அப்போது நெஞ்சு நிமிர்ந்த நிமிர்வு இன்னும் இறங்கவில்லை.

போன மாசியில் உன் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றபோது அந்த ஊரிலிருந்து இரண்டு வேனில் ஆட்கள் தென்காசிக்கு வந்தார்கள். தெருவே திகைத்துப் பார்த்தது. "யாரு அண்ணாச்சி இவங்க?" என்று கேட்டவர்களிடம், "தெரிஞ்சவங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு விஷயத்தை உன்னிடம் ஒத்துக்கொள்ள வேண்டும். நீ உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது. 'உன் வீட்டுக்காரி என்ன செய்கிறாள்' என்று என்னிடம் யார் கேட்டாலும், "வீட்லதான் சும்மா இருக்கா" என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லி வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

காரியம் முடிந்ததும் உன் இறப்பைப் பதிவு செய்ய நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். விவரம் கேட்டு எழுதிய பெண், தொழில் என்ற இடத்துக்கு வந்ததும் என்னைக் கேட்காமலே 'இல்லத்தரசி' என்று எழுதினாள்.

"அத அடிச்சிட்டு ஓவியர்னு எழுதும்மா" என்றேன்.

"வேலைக்குப் போனாங்களா சார்?"

"முப்பது வருசம் வேல பாத்தா. வீட்டுலயும் பாத்தா, கடக்கரையிலயும் பாத்தா."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வேறு தாள் எடுத்து, முதலிலிருந்து நிதானமாக எழுதினாள். அந்த இடம் வந்ததும் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். வரிசையில் எனக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் கேட்கட்டும் என்று நான் அதைச் சத்தமாக வாசித்தேன்.