ஞாயிற்றுக்கிழமை பெய்யாத மழை

ஒக்டோபர் 9, வியாழன்

காலை மழை 11 மி.மீ. எதிர் மலை முழுக்கப் பனி. அந்தூரியத்தின் புது இலையில் நத்தை. எடுத்து மதிலுக்கு அப்பால் போட்டேன். எப்படியும் திரும்பி வரும்.

முதலாம் ஆண்டுக்குச் சமவுயரக் கோடுகள். ஆறு பேர் தூக்கம். கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி: "மிஸ், மலைய வெங்காயம் மாதிரி வெட்டிப் பாக்குறோம், அதுதானே?" அதுதான். இத்தனை வருடம் எனக்குத் தோன்றவில்லை.

மதியம் துறைத் தலைவர் கூப்பிட்டார். புவனாவின் ஆய்வுக்கட்டுரை வெளிப் பரீட்சகரிடமிருந்து வந்திருக்கிறது. புவனா நான்காம் ஆண்டு, நான் வழிகாட்டி. டிக்கோயாவில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் மலைத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து பறிப்பவர். தோட்ட ஒபீஸின் பத்து வருட மழைப் பதிவேட்டைக் கையால் பார்த்தெழுதிச் செய்த ஆய்வு. பரீட்சகரின் குறிப்பு இரண்டே வரி. பத்து வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட மழை இல்லை. தரவு கற்பனையா என்று மாணவி விளக்க வேண்டும்.

அடுத்த வியாழன் வைவா, வாய்மொழிப் பரீட்சை. விளக்கம் சரியில்லை என்றால் விசாரணை. பட்டம் போகும்.

தலைவர்: "தோட்டத்துப் பிள்ளைகள் லயத்துல உட்கார்ந்தே எண்களை எழுதிடுவாங்க மெடம். நீங்கதான் கவனிச்சிருக்கணும்."

நானும் தோட்டத்து லய அறையில் பிறந்தவள் என்று அவருக்குத் தெரியும். தேநீர் ஆறிப்போயிருந்தது, குடித்துவிட்டு வந்தேன்.

கவனித்திருக்க வேண்டும் என்பது மட்டும் உண்மை. மாதக் கூட்டுத்தொகைகளைப் பார்த்தேன். நாட்களைப் பார்க்கவில்லை.

ஒக்டோபர் 10, வெள்ளி

மழை 6. தொண்டை கரகரப்பு.

புவனாவைக் கூப்பிட்டுக் குறிப்பைக் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தாள்.

"பதிவேட்டுல இருந்ததத்தான் எழுதினேன் மிஸ்."

"எல்லா நாளுமா? ஒரு நாளாவது நீயா போட்டு நிரப்பினியா? இப்பவே சொல்லிடு."

"நீங்களுமா மிஸ்?"

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபம். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சந்தேகப்படுவது என் தொழில் என்று நானே வகுப்பில் சொல்வது. இன்று அந்த வாக்கியம் பிடிக்கவில்லை.

வாங்க: இஞ்சி, சிவப்புப் பேனை 2, அண்ணிக்கு முழங்கால் தைலம், நத்தைக்கு உப்பு (வேண்டாம், பாவம்).

ஒக்டோபர் 12, ஞாயிறு

மழை 23. பூசைக்குப் போய்ச் சேருவதற்குள் முழங்கால் வரை நனைவு. மாதா கோயில் வாசலில் நாற்பது குடை, எல்லாம் கறுப்பு. திரும்பும்போது வேறு யாருடையதோ என் கையில்.

அண்ணி சேலையைப் பிழிந்துகொண்டே, "ஞாயித்துக்கெழமன்னாலே இந்த மழைக்கு நம்ம மேல என்ன கோவமோ" என்றார்.

ஈரத்தோடு அலுமாரியைத் திறந்தேன். என் மழைக் கொப்பிகள். பத்தொன்பது வருடம், வருடத்துக்கு ஒன்று, தினமும் காலை ஆறரைக்கு. காய்ச்சல் நாட்களில் மட்டும் அண்ணியின் கையெழுத்து. இதற்காகவே ஆசிரியர் அறையில் எனக்குப் பெயர் 'மழை மிஸ்'. கேட்காத மாதிரி இருந்துவிடுவேன்.

ஞாயிறுகளை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனேன். 14. 8. 30. 2. 19. நடுவில் அரை மைல் பள்ளத்தாக்குதான். இங்கே பெய்தது அங்கே பெய்யாமலா?

ஆக, பதிவேடு பொய். அல்லது பிள்ளை பொய். புவனாவுக்கு அழைத்தேன். நாளைக் காலை தோட்டத்தில் பெயர் கூப்பிடும் நேரம், பெரட்டுக்குப் போவோம் என்றேன். "சரிங்க மிஸ்."

ஒக்டோபர் 13, திங்கள்

மழை 15. அளந்து எழுதிவிட்டு நேரே எதிர் மலை ஏற்றம். மூச்சு வாங்கியது. புவனா முன்னால், திரும்பிப் பார்க்கவேயில்லை.

பெரட்டுக் களத்தில் பெண்கள் கூடையோடு. கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு யார் யாருக்கு எந்த மலை என்று பிரித்து அனுப்பினார். அது முடிந்ததும் ஒபீஸுக்குப் பின்னால் போனார். வேலிக்குள் மழைமானி. போத்தலை எடுத்து அளவுக் குழாயில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்தார். ஒழுங்கான ஆள். நான்கூட அவ்வளவு கவனமாகப் பிடிப்பதில்லை.

"முப்பத்தேழு."

எனக்கு நேற்று 23, இன்று 15. கூட்டினால் 38.

"நேத்து அளந்தீங்களா?"

"நேத்து ஞாயித்துக்கெழமைங்களே மிஸ். பெரட்டு இல்லாத நாள்ல யாரு வந்து மழைய அளக்கிறது?"

"அப்ப பதிவேட்டில ஏன் சைபர்?"

"வெறுமையா விட்டா தொரை ஏன்னு கேப்பாருங்க. சைபர் போட்டா கேக்கமாட்டாரு."

புவனா பதிவேட்டைப் பறிக்காத குறையாக வாங்கினாள். "தீபாவளிக்கும் சைபரா? போன வருசம் எங்க வீட்டுப் பட்டாசு பூரா நமுத்துப் போச்சே கணக்கப்புள்ள ஐயா!"

"அது லீவுல பேஞ்ச மழை, புள்ள."

அவள் சிரித்தாள். பிறகு நானும். மனிதர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இறங்கும்போது, "வெள்ளிக்கிழமை நான் கேட்டது பிழை" என்றேன். பாதை வழுக்கல், அதனால் முகம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"விடுங்க மிஸ். ஞாயித்துக்கெழமய நானே பாக்காம விட்டுட்டேனே."

வீட்டுக்குக் கூட்டிவந்து தேநீர் கொடுத்தேன். பத்து வருடக் கொப்பிகளை உரப்பையில் சுற்றிக் கொடுத்தேன். இதுவரை வெளியார் எவரும் தொட்டதில்லை.

ஒக்டோபர் 15, புதன்

மழை 9. பஸ்ஸில் நடத்துநர் "இஸ்ஸரஹட்ட யன்ன!" என்று கத்த, ஏற்கனவே கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா: "முன்னுக்குப் போக இன்னும் ட்ரைவர் மடிதான்டா இருக்கு."

புவனா இரண்டு நாளாக நூலகத்தில். போய் உதவவில்லை. வழிகாட்டி கை வைத்தாள் என்று ஒரு பேச்சு வரக்கூடாது. ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். கோடு போடும் அடிமட்டத்தைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஒக்டோபர் 16, வியாழன்

மழை 4. வைவா பத்து மணிக்கு. கொழும்பிலிருந்து வந்த பரீட்சகர், தலைவர், நான். வழிகாட்டி பேசக்கூடாது என்பது விதி. கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

பரீட்சகரின் முதல் கேள்வி: "ஞாயிற்றுக்கிழமை மழை எல்லாம் எங்கே போனது?"

"திங்கக்கெழமைக்குப் போச்சு சேர்."

தலைவர் தலை நிமிர்ந்தார். புவனா வரைபை விரித்தாள். என் ஞாயிறும் திங்களும் சேர்ந்த அளவு நீலம், தோட்டத்தின் திங்கள் சிவப்பு. பத்து வருடம், இரண்டு கோடும் கைகோத்துக்கொண்டு போயின. மழையில் பிழை இல்லை, நாளில்தான் பிழை என்றாள். தரவு பொய்யானால் இந்தக் கோடுகள் இப்படிப் போகுமா என்று அவரையே கேட்டாள்.

"நீலம் யாருடைய அளவு?"

"எங்க மிஸ்ஸோடது சேர். ஒரு நாளும் விட்டதில்ல."

உரப்பையிலிருந்து கொப்பிகள். பரீட்சகர் புரட்டினார், நிறுத்தினார், மறுபடி புரட்டினார். பிறகு மெதுவாக: "இரண்டு நாள் மழைக்குப் போத்தல் நிரம்பி வழிந்திருந்தால்?"

நான் யோசிக்காத கேள்வி.

"செவ்வாக்கெழம போய்த் தண்ணி ஊத்தி அளந்து பாத்தேன் சேர். மிஸ்ஸோட கூட்டுத்தொகைல அது கொள்ற அளவுக்கு மேல போன திங்கள் மூணு. அத தனியா வட்டம் போட்டுக் கணக்கிலருந்து எடுத்துட்டேன்."

பரீட்சகர் பேனையை மூடினார். "இதை ஒரு அத்தியாயமாகவே சேருங்கள். கட்டுரையின் நல்ல பகுதி இதுதான்."

முதல் வகுப்பு. திருத்தம் வேறு எதுவும் இல்லை.

நடைபாதையில் தலைவர்: "நல்லா வந்திடுச்சு மெடம்."

"லயத்துல உட்கார்ந்து எழுதினது சேர்."

சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். கன்ரீனில் இரண்டு ரோல்ஸ். இரண்டும் நானே.

ஒக்டோபர் 19, ஞாயிறு

இருட்டடித்த வானம், இன்னும் விடாத மழை. ஆறரைக்கு அளவு 27. பழைய இடத்திலேயே நத்தை. இருக்கட்டும். மாறிப்போன குடையைப் பூசைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

ஏழு மணிக்கு ஃபோன். புவனாவின் எண். ஆனால் கணக்கப்பிள்ளையின் குரல், கூரையில் மழை அடிக்கிற சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டு:

"மிஸ்! நம்ம தோட்டத்துல ஞாயித்துக்கெழம மழை பேஞ்சிருச்சுங்க! இருவத்தாறு!"