வராதவளின் கையெழுத்து

ஜூலை 14, திங்கள்

கச்சான் காற்று விடியவே தொடங்கிவிட்டது. துறைமுகப் பக்கம் முழுக்கப் புழுதி. கொடியில் போட்ட துணி இரண்டு தடவை நிலத்தில். இன்று செய்ய வேண்டியவை: லாப் றிப்போர்ட், சவர்க்காரம், ஷிப்னாவுக்கும் சேர்த்துக் கையெழுத்து.

ஷி. என்றால் ஷிப்னா, என் அறைத்தோழி. பாலையூற்றில் ஒரு வீட்டின் பின்னறை, இரண்டு கட்டில், ஒரு அலுமாரி. அவள் போய் இது மூன்றாவது கிழமை. "வீட்ட போறன். ஒரு கிழமை சைன் பண்ணிவிடு" என்று ஒரு மெசேஜ், அவ்வளவுதான். நான் வகுப்பு முடிந்து வந்தபோது ஆள் இல்லை. வீடு குறிஞ்சாக்கேணி. பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட வராது. மாவட்டத்தில் முன்னுக்கு வந்தவள், முதல் சோதனையில் பதினெட்டுப் புள்ளி. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். நான் அனுப்பிய மெசேஜ்கள் எல்லாம் ஒற்றைச் சரியோடு நிற்கின்றன. கோபக்காரி.

எங்கள் பல்கலைக்கழக வளாகம் பெரிய இடம். தீவு முழுவதிலிருந்தும் பொறுக்கி எடுத்த நாற்பது பேர். வவுனியாவில் எனக்கு மாலை போட்டு அனுப்பினார்கள். எண்பது வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சைக்கு விடமாட்டார்கள். அதனால் முதல் கிழமையே சீனியர் அக்காமார் சொல்லித் தந்தது கடல் பொறியியல் இல்லை, அடுத்தவரின் கையெழுத்து. "பட்ச்சில ஒருத்தரையும் விழ விடக்கூடாது, விளங்கினதா?" விளங்கியது. ஷி.யின் கையெழுத்து எனக்கு என்னுடையதைவிட நன்றாக வரும்.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். லாப் வாசலில் நாலு மான் படுத்திருந்தன. சுற்றிப் போனோம்.

செயன்முறைப் புள்ளி ஒட்டியிருக்கிறது. நான் 54. ஷி. 68.

றிப்போர்ட்டில் நாங்கள்தான் அவள் பெயரையும் போட்டோம், அது வழக்கம். ஆனால் வாய்மொழிப் பரீட்சைக்கும் பத்துக்கு ஏழு. விரிவுரையாளர் சேர் எந்த முகத்தைப் பார்த்துக் கொடுத்தாரோ. கன்ரீனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இல்லாமலே என்னைவிட நன்றாகப் படிக்கிறாள். சிரித்து முடித்த பிறகு தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன்.

சவர்க்காரம் வாங்க மறந்தேன்.

ஜூலை 17, வியாழன்

பத்தரைக்கு வாசல் காவலாளி கூப்பிட்டார். ஷி.யின் வாப்பா. வெள்ளைச் சேட், மோட்டார் சைக்கிள், கையில் சாப்பாட்டுப் பார்சல்.

"மகள், ஷிப்னாவக் கொஞ்சம் கூப்பிடுங்க. போன் ஓஃப்ல கிடக்கு. சோதின முடியுமட்டும் வரமாட்டன், போன் எடுக்காதீங்க எண்டு சொன்னவ. மூணு கிழமை போயிட்டு. உம்மா உறங்குறா இல்ல."

அப்படியென்றால் அவள் வீட்டில் இல்லை.

"வகுப்புக்கு வாறாதானே?"

"ஓம் அங்கிள். இப்ப லாப்ல நிக்கிறா. வெளிய வர ஏலாது."

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசிக்கவேயில்லை. பட்ச்சில் ஒருத்தியைப் பற்றி வெளியாள் கேட்டால் நாக்கு தானாக மறைக்கிறது. அவர் பார்சலைத் தந்தார். "சூட்டோட குடுங்க மகள்." இடியப்பம், பொரித்த மீன்.

அறைக்கு ஓடி வந்து அலுமாரியைத் திறந்தேன். அவளுடைய இரண்டு உடுப்பும் சின்னப் பையும் இல்லை. வளாக அடையாள அட்டை ஆணியில் தொங்குகிறது. அந்த அட்டை இல்லாமல் வாசலுக்குள் ஒரு ஈயைக்கூட விடமாட்டார்கள்.

போன் எடுத்தேன். ஓஃப். பதினாலு தரம்.

பார்சலை நானே சாப்பிட்டேன். பசி. இப்படி ஒரு பிறவி நான்.

ஜூலை 18, வெள்ளி

இன்றும் அவளுக்கு ஒப்பம் வைத்தேன். அவள் எழுத்து அப்படியே வந்தது.

மத்தியானம் வாப்பாவின் அழைப்பு. மனம் கேட்காமல் வளாக அலுவலகத்துக்கு வந்திருக்கிறார். உதவிப் பதிவாளர் அவளுடைய வரவை அச்சிட்டுக் கையில் கொடுத்திருக்கிறார். ஒரு நாளும் தவறவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ். புள்ள ஒழுங்காத்தான் வாறா. ஒங்களயும் சந்தேகப்பட்டுட்டன், மன்னிச்சிக்கங்க மகள். பொலிசுக்குப் போகப் பாத்தன், நல்ல வேள."

அவர் சந்தோஷமாகப் போனை வைத்தார். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

சுஜீவனிடம் சொன்னேன். எங்கள் குழுவில் அவன் ஒருத்தன்தான் நிதானமானவன்.

"என்ன கதை கதைக்கிறாய்? செவ்வாய்க்கிழமை கன்ரீனில நான் அவளைக் கண்டனான்."

"உண்மையாவா?"

"ஓம். சாம்பல் நிற ஃபர்தா. தனிய இருந்தவள்."

நிம்மதி. உயிர் வந்தது போல. பிறகுதான் உறைத்தது: செவ்வாய்க்கிழமை கன்ரீனில் நானும் இருந்தேனே.

ஜூலை 21, திங்கள்

சனி ஞாயிறு பஸ் நிலையம், கடற்கரை, ஆஸ்பத்திரி. ஒன்றுமில்லை. அலுவலகத்தில் உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு வருடத் தடை, குறைந்தது. அம்மா தாங்கமாட்டார்.

கோழைக்கு ஏற்ற ஒரு வழி கண்டுபிடித்தேன். இனி அவளுக்குக் கையெழுத்துப் போடுவதில்லை. வரவுத் தாளில் அவள் பெட்டி வெறுமையாகக் கிடந்தால் அலுவலகமே வீட்டுக்கு அறிவிக்கும். நான் வாய் திறக்கத் தேவையில்லை.

முதல் வரிசையில் இருந்தேன். தாள் வந்தது, என் பெயருக்கு மட்டும் போட்டேன். அவள் பெட்டி வெள்ளையாக இருந்தது, கண்ணால் பார்த்தேன்.

வகுப்பு முடிந்து சேரின் மேசையில் எட்டிப் பார்த்தேன். ஷிப்னாவின் கையெழுத்து. நெளிவு, கடைசிப் புள்ளி, எல்லாம்.

நான் போடவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

காற்று இல்லை. துறைமுகத் தண்ணீர் அசையவில்லை. தலையிடி.

கடைசிக் கதிரையில் இருந்தேன். தாள் முப்பத்தெட்டுப் பேரைக் கடந்து வந்தது. ஒருவரும் அதிக நேரம் வைத்திருக்கவில்லை. என்னிடம் வந்தபோது அவள் பெட்டி நிரம்பியிருந்தது. விரலால் தொட்டேன், மை ஒட்டியது.

ஒரு நிமிடம் திரும்பி எல்லாக் கதிரையையும் பார்த்தேன். அவள் எங்காவது இருக்கிறாளா என்று உண்மையாகவே தேடினேன். என் இடப்பக்கத்துக் கதிரை வெறுமை. அதில் ஒருவரும் உட்காரவில்லை, பையைக்கூட வைக்கவில்லை.

பயம். பொலிசுக்குப் போயிருக்க வேண்டிய மனிதரை நான்தான் திருப்பி அனுப்பினேன். ஐந்து நாள்.

ஜூலை 23, புதன்

எட்டு மணி வகுப்பு முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு எழுந்து நின்றேன்.

"ஷிப்னா வீட்டில இல்ல. இங்கயும் இல்ல. ஆர் அவளுக்கு சைன் போடுறது?"

முதலில் சுஜீவன் கை தூக்கினான். "நேற்று நான். நீ மறந்திட்டாய் எண்டு நினைச்சன்." பின்னால் இன்னொரு கை. பிறகு ஜன்னல் ஓரம் இரண்டு. பதினொரு கை எண்ணினேன். வெற்றுப் பெட்டியைக் கண்டவர்கள் எல்லாம், யாருக்கும் சொல்லாமல், நல்ல மனதோடு நிரப்பியிருக்கிறார்கள். எல்லோருக்கும் அவள் எழுத்து வரும்.

"நீ அவளைக் கன்ரீனில கண்டனீதானே?"

சுஜீவன் கையை இறக்கினான். "கண்டனான் எண்டுதான்... ஒவ்வொரு நாளும் பேர் இருந்தது. அதால கண்டனான் எண்டு நினைச்சிட்டன் போல." இன்னும் மூன்று பேர் அவளைப் படியில், நூலகத்தில், லாப்பில் கண்டதாகச் சொன்னார்கள். கேட்கக் கேட்க ஒவ்வொருவராக இல்லை என்றார்கள்.

பத்து மணிக்கு உதவிப் பதிவாளரிடம் போனேன். சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. வரவுத் தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். "இதில எது தங்கச்சி உண்மையான கையெழுத்து?" என்றார். எனக்குக் காட்டத் தெரியவில்லை. என் பெயரை எழுதிக்கொண்டு பொலிசுக்கு அழைத்தார். வீட்டுக்கு நீயே சொல் என்றார்.

வெளியே மாமரத்தடியில் நின்று ஷி.யின் வாப்பாவுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், லாப் பொய்யையும், பார்சலையும். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது என்றிருந்தது. அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளை நிறுத்தும் சத்தம்.

"செரி மகள். பொலிசில கேப்பாங்க. நீங்க என்ட புள்ளையக் கண்ணால கண்ட கடைசி நாள் எது?"

அந்த மெசேஜ் வந்த காலை அவள் கட்டிலில் இருந்தாளா? அதற்கு முதல் நாள்? தலை சீவினாளே, அது எப்போது? போனைக் காதில் வைத்தபடி ஒரு நாளைத் தேடினேன். என்னிடம் இருந்ததெல்லாம் நான் கையெழுத்துப் போட்ட திகதிகள்.