அத்தை, நம்ம பலூனுக்கு அனுமதி கிடைத்துவிட்டது

அன்பைக் கூட அதட்டலாகவே காட்டத் தெரிந்த என் அத்தைக்கு,

நல்ல செய்தி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பொறுமையாகக் கேட்கிற ஆள் இல்லை. நம்ம பலூனுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. உங்கள் வருஷத் திதிக்காகச் சங்கரன்கோவில் வந்திருந்தேன். அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது பெங்களூரிலிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டு, துருவினதைப் பாத்திரத்தில் போடாமல் தரையில் போட்டுவிட்டேன். உங்கள் மகன் அதைப் பார்த்துப் பயந்துபோய், "என்னாச்சு?" என்றார். சொன்னேன். மனுஷன் என் கையிலிருந்து அரைமூடித் தேங்காயை வாங்கி, மிச்சத்தை அவரே துருவினார். அவருக்குச் சந்தோஷம் வந்தால் இப்படித்தான் எதையாவது செய்வார், உங்களுக்குத் தெரியாததா?

இதை நாலு பேர் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். என் வேலை தூரத்து நிலவுகளுக்குப் பயணம் திட்டமிடுவது. அனுப்புவது கூட இல்லை, திட்டமிடுவது. நம் நிலவு இல்லை. சனிக் கிரகத்தைச் சுற்றி வருகிற டைட்டன் என்கிற நிலவு. அங்கே காற்று உண்டு, மேகம் உண்டு, மழை உண்டு. ஆனால் பெய்வது தண்ணீர் இல்லை, மீத்தேன். குளிரில் அது திரவமாகி, ஏரி ஏரியாகக் கிடக்கிறது. அந்த ஆரஞ்சுப் புகைமூட்டத்துக்குள் ஒரு பலூனை மிதக்கவிட்டு, மாதக் கணக்கில் கீழே பார்த்துக்கொண்டே போக வேண்டும். எங்கள் குழுவின் ஆசை அதுதான்.

சனி என்றதும் என் கல்யாணப் பேச்சே நிற்கப் பார்த்தது, ஞாபகம் இருக்கிறதா அத்தை? பனவடலிசத்திரத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்தீர்கள். "பொண்ணு என்ன வேலை பார்க்கா?" என்று உங்கள் கொழுந்தனார் கேட்டார். என் அப்பா பெருமையாக, "சனியில ஆராய்ச்சி" என்றார். கொழுந்தனார் காபித் தம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார். "அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டு ஒரு பொண்ணு வீட்டுக்குள்ள வரணுமா, மதினி?" என்று உங்களிடம் மெல்லக் கேட்டது எனக்கும் கேட்டது.

நீங்கள் மெல்லவெல்லாம் பேசவில்லை. "ஏழரைச் சனி நம்ம வீட்டுக்கு வந்துருவானோன்னு நாமதான் பயந்து சாகுதோம். இந்தப் பிள்ளை அவன் வீட்டுக்கே போறேங்கா. பயப்பட வேண்டியது அவன்லா? காபியைக் குடிங்க, ஆறுது" என்றீர்கள். அந்த நிமிஷம் எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்ததோ இல்லையோ, மாமியாரைப் பிடித்துவிட்டது.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் நீங்கள். அதனால் என் திட்டம் உங்களுக்கு ஒரு ஃபைல். தினம் சாயங்காலம் போனில் பேத்தியை விசாரிக்கும் முன், "ஃபைல் எங்கட்டி நிக்கு?" என்பீர்கள். "கமிட்டியில அத்தை." "யாரு கையெழுத்துப் போடணும்? நேர்ல போய் ஒரு தடவை நின்னாத்தான் அசையும்." பக்கத்தில் இருக்கிற என் குழுவினர் சிரிப்பார்கள். யோசித்துப் பார்த்தால் நீங்கள் சொன்னதில் பாதி சரிதான்.

முதல் மதிப்பாய்வு வந்தபோது நான் பிள்ளை பெற்று அம்மா வீட்டில் இருந்தேன். "அங்கன சிக்னல் நிக்காது, இங்கன வா" என்று கைக்குழந்தையோடு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே சிக்னல் நிற்கும், விசைத்தறிதான் நிற்காது. இரண்டு பக்கச் சுவரும் அதிர அதிர, இணையத்தில் நடந்த ஒத்திகைக் கூட்டத்தில் ஒருவர், "ரயில்ல போய்க்கிட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். அதை நான் உங்களிடம் வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் கூட்டம். நான் பேசத் தொடங்கவும் தெருவே சட்டென்று அமைதியாகிவிட்டது. கரண்ட் போய்விட்டது, இணையமும் போகப்போகிறது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காலையிலேயே நீங்கள் தறிக்காரர்கள் வீடு வீடாகப் போய், "என் மருமவ பேசி முடிக்கும் மட்டும் நிறுத்தி வைங்க" என்று சொல்லி வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. பேசி முடித்துக் கதவைத் திறந்தால் வாசலில் பக்கத்து வீட்டுப் பரமசிவம் அண்ணாச்சியும் அவர் தறியில் வேலை பார்க்கிறவர்களும் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கேட்டார்: "பாஸாம்மா?"

பாஸ் இல்லை. சில வாரத்தில் திட்டம் திரும்பி வந்தது. நான் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அழுதேன். நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள்.

"திருப்பி அனுப்பினா குறிப்பு எழுதியிருப்பான்லா? வாசி."

"பலூன் கீழ விழுந்துக்கிட்டிருக்கும்போதே விரியணும் அத்தை. விரியலைன்னா என்ன செய்வீங்கன்னு கேட்டிருக்காங்க."

"கேட்டது ஞாயமா, அநியாயமா?"

"ஞாயந்தான்."

"ஞாயம்னா பதில் சொல்லு. அநியாயம்னாத்தான் அழணும்."

பதில் சொல்ல எங்களுக்கு நெடுநாள் ஆயிற்று. மடிப்பை மாற்றினோம். பாராசூட்டில் தொங்கும்போதே மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று வாங்குகிற மாதிரி செய்தோம். உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தோம். கிழிந்தது, முறுக்கிக்கொண்டது, ஒரு தடவை எங்கோ பறந்து போய் ஒரு தென்னை மரத்தில் மாட்டிக்கொண்டது. கடைசியில் ஒருநாள் அழகாக விரிந்தது அத்தை, பூரி உப்புகிற மாதிரி. அந்த வீடியோவை அப்போதே உங்களுக்கு அனுப்பினேன். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். வந்த நர்ஸுகளுக்கெல்லாம், "இது எங்க வீட்டுப் பலூன்" என்று காட்டினீர்களாம். அந்த வாரமே போய்விட்டீர்கள். வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தீர்களாமே, யார் சொன்னாலும் கேட்கவில்லையாமே. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கக் கூடாதா? சரி, இன்றைக்கு அந்தச் சண்டை வேண்டாம்.

இந்தத் தடவை கமிட்டி வேறொரு கேள்வி கேட்டது. ராக்கெட் கிளம்பவே பல வருஷம் ஆகும், போய்ச் சேர இன்னும் பல வருஷம். "அது சேரும்போது நீங்கள் ஓய்வு பெற்றிருப்பீர்களே, யார் ஓட்டுவார்கள்?" என்றார்கள். நான், "இப்போது கல்லூரியில் படிக்கிறவர்கள்" என்றேன். கேட்டவர் சிரித்துவிட்டார். உண்மையைத்தான் சொன்னேன். அடுத்த மாதமே மூன்று இளம்பெண்களைக் குழுவில் சேர்க்கிறோம். நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள மாட்டேன்.

கிடைத்திருப்பது விரிவாகத் திட்டமிட அனுமதிதான், கிளம்ப இல்லை. இந்த வித்தியாசத்தைத் தெருவில் யாரிடமும் என்னால் விளக்க முடியவில்லை. பரமசிவம் அண்ணாச்சி, "எப்ப கிளம்புதீய?" என்றார். "நான் போகல அண்ணாச்சி, பலூன்தான் போகுது." "அது சரி, பிள்ளையை யாரு பாத்துக்கிடுவா?" என்றார் மறுபடியும். சாயங்காலத்துக்குள் மூன்று வீட்டிலிருந்து இனிப்பு வந்துவிட்டது. திதிச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் போலச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். உங்கள் கொழுந்தனார் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, "உங்கம்மா சனிக்கு வழி போட்டிருக்கா" என்று எல்லாரிடமும் சொன்னார். படத்தில் நீங்கள் எப்போதும் போல முறைத்துக்கொண்டிருந்தீர்கள். நிஜமாகச் சொல்லுங்கள், உங்களுக்குச் சிரிப்பு வரவில்லையா?

ஒன்று சொல்லி முடிக்கிறேன். டைட்டனிலிருந்து ஒரு சேதி பூமிக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பலூன் அங்கே விரிந்திருக்கும், இல்லை விரியாமல் போயிருக்கும். எங்களுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் யாராலும் எதையும் மாற்ற முடியாது. எல்லாரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். நரைத்த தலையோடு நானும் ஒரு மூலையில் இருப்பேன். அந்த நேரம் முழுக்க உங்களோடு பேசிக்கொண்டிருப்பேன் அத்தை, இது சத்தியம். அங்கே நடந்தது எங்களுக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாயை அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். நாங்களாகவே பார்த்துக்கொள்கிறோம்.

சனி வீட்டுக்கு வழி தேடும் உங்கள் மருமகள்,
செல்வி
சங்கரன்கோவில்