அலுவலக உபயோகத்துக்கு மட்டும்

அன்பு மகனுக்கு,

அம்மா ஆசிகளுடன் எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ கேட்ட படம் வராது. அனுமதி இல்லை என்றுவிட்டார்கள். உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, முழுவதும் படி.

கொள்ளுத்தாத்தா தன் மனைவியை வரைந்த படம் உன் புது வீட்டுக்கு வேண்டும் என்று நீ கேட்டதும், அப்பா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "ஆசையாக் கேக்குறான், குடுத்துடு" என்றார். அன்றிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. பேப்பர் படிக்கிற சாக்கில் படத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார், பக்கத்தைத் திருப்பவே மாட்டார். உனக்கு இல்லை என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. மனசே இல்லாமல் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

நூறு வயது தாண்டிய படத்தை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஒரு காலத்தில் சிலை, ஓவியம் என்று அவரவர் இஷ்டத்துக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனதால் வந்த சட்டம். அனுமதி கொடுக்கிற அந்த அலுவலகத்தில்தானே முப்பது வருஷம் நான் குப்பை கொட்டினேன்!

இப்போது என் கூத்தைக் கேள். என்னோடு வேலை பார்த்தவள்தான் இன்று அங்கே அதிகாரி. விண்ணப்பத்தைப் பார்த்துச் சிரியோ சிரி என்று சிரித்தாள். 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்ற கட்டத்தை நானே நிரப்பியிருக்கிறேன். "நூற்றுப் பன்னிரண்டு வருடப் பழமை. நிராகரிக்கலாம்." கீழே என் கையெழுத்து வேறு. பழக்க தோஷம், கை தன்பாட்டில் ஓடியிருக்கிறது.

"இதுக்கு மேல நான் என்னக்கா எழுதுறது?" என்றாள். விலக்குக் கேட்டு வேறு விண்ணப்பம் போடுகிறீர்களா, சில படங்களுக்குக் கிடைக்கிறது என்றும் சொன்னாள். வேண்டாம் என்றேன். கோபித்துக்கொள்ளாதே, அது மட்டும் பழக்க தோஷம் இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா, சட்டம் என்றால் சட்டம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டு, மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நீ கடைசியாக இங்கே வந்து நாலு வருஷம் ஆகிறது. குழந்தையை அவர் இன்னும் ஒருமுறைகூடத் தூக்கவில்லை. வாய் திறந்து கேட்கமாட்டார், அதனால் நான் கேட்கிறேன். படம் அங்கே வரத்தான் அனுமதி வேண்டும். நீங்கள் இங்கே வர ஒருவர் கையெழுத்தும் வேண்டாம்.

நோய்நொடியில்லாமல் மூவரும் நன்றாக இருங்கள். லீவு கிடைத்ததும் புறப்பட்டு வாருங்கள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா