மூன்று டேட்டாபேஸ், ஒரே டிஸ்க்

மார்ச் 3, 2025, திங்கள்

கொளஞ்சியப்பன் சார் ஆபீஸுக்குள் வந்ததும் வராததுமாக என் மேஜைக்கு வந்தார். அரியலூர் டயாலிசிஸ் சென்டருக்கு நாங்கள் ஓட்டிக்கொடுக்கும் சாஃப்ட்வேர் சனிக்கிழமை கொஞ்ச நேரம் நின்றுவிட்டதாம். நோயாளிகளின் விவரத்தைத் திறக்க முடியாமல் நர்ஸுகள் தவித்தார்களாம்.

"டேட்டாபேஸ் ஒண்ணுதானே ஓடுது? மூணாக்கிடு பானு. ஒண்ணு வுழுந்தா இன்னொண்ணு பாத்துக்கும்."

"சார், அது டிப்ளாய்மென்ட்ல இருக்கு. டிஸ்க் ஒண்ணுதான்..."

"மத்த ப்ரோக்ராம் எல்லாம் அப்படித்தானே மூணு மூணா வச்சிருக்கோம்? நல்லாத்தானே ஓடுது?"

மாற்றினேன். ஓர் எண்ணை மாற்றுவதுதான் வேலை. மூன்றும் ஓடுவதாகத் திரை பச்சை காட்டியது. "பாத்தியா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டுமோ?

மார்ச் 5, புதன்

எழுதினாலாவது மனசு அடங்குகிறதா பார்ப்போம்.

மதியம் சென்டரிலிருந்து நர்ஸ் தேவயானி போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அக்கா, அய்யாக்கண்ணு தாத்தாவோட எடைய டாக்டர் திங்கக்கெழம மாத்தச் சொன்னாருங்க. அம்பத்திரண்டுன்னு நான்தான் போட்டேன். இன்னிக்கு அம்பதுன்னு காட்டியிருக்கு. அதப் பாத்து வேற சிஸ்டர் தண்ணிய அதிகமா எடுத்துட்டாங்க. பிரஷர் எறங்கி கண்ணு சொருகிடுச்சுக்கா."

உடம்பில் தேங்கிய நீரை எந்த எடை வரை எடுக்கலாம் என்பதுதான் அந்த எண். சலைன் ஏற்றியதும் அவருக்கு நினைவு திரும்பிவிட்டதாம்.

அவர் பக்கத்தைத் திறந்தேன். ஐம்பத்திரண்டு. மறுபடி திறந்தேன். ஐம்பது. மறுபடி — ஐம்பத்திரண்டு.

ஐயோ. என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்?

"தேவயானி, ஸ்கிரீன யாரும் நம்பாதீங்க. டாக்டர் கைப்பட எழுதினதப் பாத்து மட்டும் செய்யுங்க. எல்லாருக்கும் சொல்லிடு." போனை வைத்ததும் மூன்றையும் நிறுத்தி, ஒன்றை மட்டும் எழுப்பினேன். அது சரியான எடையைத்தான் காட்டியது. ஆனால் மற்றவர்களுடையது?

மார்ச் 6, வியாழன்

இப்போது புரிகிறது. டிப்ளாய்மென்ட் என்பது ஒரே ப்ரோக்ராமைப் பல பிரதிகளாக ஓட்டும் ஏற்பாடு; அதற்கு எல்லாப் பிரதியும் ஒன்றுதான், டவுன் பஸ் சீட் மாதிரி. யார் எதில் உட்கார்ந்தால் என்ன? கணக்கு வைத்துக்கொள்ளாத ப்ரோக்ராமுக்கு அது சரி. டேட்டாபேஸ் அப்படியில்லை. ஒரே டிஸ்க்கில் மூன்றை உட்கார வைத்தோம். ஒன்று எழுதியது மற்றதுக்குத் தெரியவில்லை. தன் நினைவில் இருந்த பழைய எடையையே அது காட்டிக்கொண்டிருந்தது.

சாரிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "வெளிய சொல்லிக்காதம்மா."

"சென்டர்ல நேத்தே சொல்லிட்டேன் சார்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "சரி, ஸ்டேட்ஃபுல்செட்டுன்னு சொல்றாங்களே, அதுல மூணு போட்டுடு" என்றார்.

அதுதான் சரியான இடம். அதில் ஒவ்வொன்றுக்கும் நிலையான பெயர், தனி டிஸ்க். விழுந்தாலும் அதே பெயரில், அதே டிஸ்க்கோடு எழும். ஆனால் ஒன்றில் எழுதியதை மற்றதற்கு அது நகல் எடுத்துத் தராது. அதை நாம்தான் தனியாக அமைக்க வேண்டும். அமைக்காமல் மூன்று போட்டால் மூன்று விதமான எடை இருக்கும்.

"முதல்ல ஒண்ணு சார். நகல் சரியா போகுதுன்னு பாத்தப்புறம்தான் ரெண்டாவது."

"உனக்கு நிச்சயமா தெரியுமா?"

தெரியும் என்றேன். நிச்சயமாகவா? தெரியவில்லை.

மார்ச் 7, வெள்ளி

அரியலூர் போனேன். தேவயானியும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் டாக்டர் எழுதியதோடு ஒத்துப் பார்த்தோம். இன்னும் இருவருடையது தப்பாக இருந்தது. அவர்களுக்கு இன்று சாயங்காலம் முறை. புதன் காலையிலேயே வந்திருந்தால்? யோசிக்கவே கூடாது.

அய்யாக்கண்ணு கட்டிலில் இருந்தார். ஆலத்தியூர்க்காரர். பக்கத்தில் மகள் இருசம்மாள்.

"நீ யாரும்மா?"

"இங்க கம்ப்யூட்டர் பாக்குறவங்க" என்றேன்.

"அன்னிக்கி அப்படியே இருட்டிக்கிட்டு வந்துருச்சு தாயி. என் ஒடம்பு அப்படி, யாரச் சொல்றது?"

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். முடியவில்லை. "உங்க ஒடம்பு இல்லைங்க. கம்ப்யூட்டர்ல தப்பு. நாங்க வச்ச தப்பு" என்றேன்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருசம்மாள்தான் கேட்டார்: "மறுபடியும் இப்படி ஆவுமா?"

என் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

சென்டருக்கு விடுமுறை. டேட்டாவை முழுக்க நகல் எடுத்து, ஸ்டேட்ஃபுல்செட்டில் புதிதாக ஏற்றினேன். ஓடியது. அடுத்ததுதான் பயம்: அதை நானே விழவைத்துப் பார்க்க வேண்டும்.

"வேணாம் பானு, ஓடுதுல்ல, வுட்டுடு" என்றார் சார்.

"இன்னிக்கு நாம தள்ளிப் பாக்கலன்னா, நோயாளிங்க ஊசி குத்திப் படுத்திருக்கறப்ப தானா வுழும் சார்."

ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸை அழித்தேன்; டிஸ்க்கைத் தொடவில்லை. திரை வெறுமையாகிவிட்டது. சார் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். வராதா? வா... வந்துடு...

மஞ்சள். இன்னும் மஞ்சள். பச்சை.

அதே பெயர், அதே டிஸ்க். அய்யாக்கண்ணு: ஐம்பத்திரண்டு. பத்து முறை திறந்தேன், பத்து முறையும் அதேதான்.

தேவயானிக்குப் போன் போட்டு, இனி ஸ்கிரீனைப் பார்க்கலாம் என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

போன் அடித்தாலே தேவயானியோ என்று ஓடுகிறேன். இன்று அடித்தது கேஸ் சிலிண்டர்காரர்.

மார்ச் 28, வெள்ளி

காலையில் டேட்டாபேஸ் தானாகவே விழுந்து எழுந்திருக்கிறது. இட்லி சாப்பிட்டுவிட்டு ஆபீஸுக்கு வந்து பார்த்த பிறகுதான் எனக்கே தெரியும். உடனே தேவயானிக்குப் போன் போட்டேன்.

"காலையில ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"என்னங்கக்கா தெரியணும்?"