இடது பக்கக் கொக்கியில் குங்குமம்

என் உருண்டைக்கு,

ஆட்கள் முன்னால் அப்படிக் கூப்பிடாதே என்று முப்பத்தெட்டு வயதிலும் சிணுங்குவாய். "மானம் போவுதுக்கா, பேரச் சொல்லிக் கூப்புடு லா" என்பாய். இப்போது ஊரே படிக்கிற கடிதத்தில் எழுதிவிட்டேன். நீ பிறந்தபோது எனக்கு எட்டு வயது. உன்னைத் தூக்கினால் என் இடுப்பு ஒடியும், அவ்வளவு உருண்டையாக இருந்தாய். அப்புறம் கம்பி மாதிரி ஆகிவிட்டாய். பெயர் மட்டும் நின்றுவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். நோட்டில் எழுதுகிறேன், வாணி டைப் பண்ணிப் பேப்பருக்கு அனுப்புவாள். என் மகளுக்கு இன்றைக்கு சிங்கப்பூர் வேலை லீவு. "மாமாவுக்குத்தானம்மா எழுதுறீங்க? எதுக்கு எழுந்து எழுந்து வெளிய ஓடுறீங்க?" என்று கேட்கிறாள். உட்கார முடியவில்லையடா. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து போய் உன் பிக்கப் வண்டியின் பின்பக்கம் ஏறி, சாமான் கட்டுகிற ஒவ்வொரு வளையமாகப் பிடித்து இழுத்துப் பார்க்கிறேன். மொத்தம் ஆறு வளையம். சோறு சாப்பிட்டதிலிருந்து ஐந்து தடவை போய்விட்டேன்.

ஆமாம், வளையம் போட்டாகிவிட்டது. நீ கேட்டதுதான். நீ போய்ச் சேர்ந்து நாலு மாதம் கழித்து.

நாளைக்குக் கூலாயில் ஒரு கல்யாணச் சாப்பாடு. ரெங்கத்திலிருந்து நான்தான் ஓட்டிக்கொண்டு போகிறேன். மூன்று அண்டா, இரண்டு கேஸ் சிலிண்டர் தோங், அடுப்பு, பாத்திரம் எல்லாம் ஏற வேண்டும். வாணி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "நாளைக்கு நீங்க பயப்படாம போய்ட்டு வந்தா சரி. கை நடுங்குதுன்னு திரும்பி வந்தீங்க, பிக்கப்ப வித்துடணும். சமையலும் வேணாம். சரியா?" நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் பயந்ததிலும் நியாயம் இருக்கிறது. அதை உனக்குச் சொல்ல வேண்டும்.

பதினாறு வருடம் நான் சமைத்தேன், நீ ஏற்றிக்கொண்டு போனாய். கோயில் அன்னதானம், கல்யாணம், கருமாதி, எல்லாவற்றுக்கும் அந்தப் பழைய வண்டிதான். பின்னால் நீ என்ன செய்கிறாய் என்று ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருப்பேனா? நீ கயிற்றை வெளிப்பக்கக் கொக்கியில் மாட்டி இழுப்பாய், முடிச்சுப் போடுவாய், தோங்கை ஒரு உலுக்கு உலுக்குவாய். "ஏறுக்கா" என்பாய். நான் முன்னால் ஏறிக் கண்ணை மூடிக்கொள்வேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

ஒன்று மட்டும் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வண்டி கழுவினால் நாலு கொக்கியில் ஒன்றுக்கு மட்டும் குங்குமம் வைப்பாய். இடது பக்கம், முன்னால் இருக்கிற கொக்கி. சக்கரத்துக்கு வைப்பார்கள், ஸ்டேரிங்குக்கு வைப்பார்கள், பார்த்திருக்கிறேன். நீ கொக்கிக்கு வைத்தாய். தம்பிக்குப் பக்தி வந்துவிட்டது என்று நானே உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்.

நீ போன மூன்றாம் மாதம் கோயிலில் அன்னதானத்துக்குக் கூப்பிட்டார்கள். வீட்டிலேயே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது, ஒத்துக்கொண்டேன். நானே ஏற்றினேன், நானே கட்டினேன். பாரமான சாமான் தோங்குதானே? அதை எந்தக் கொக்கியில் கட்டுவது என்று பார்த்தேன். குங்குமம் வைத்த கொக்கியில்தான் கட்டினேன். தம்பி கும்பிட்ட கொக்கி, சாமி பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

செம்பனைத் தோட்டம் முடிகிற வளைவில் டம் என்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் தோங் ரோட்டில் உருண்டு போகிறது. பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு மலாய் அம்மா, முதுகில் ஒட்டிக்கொண்டு ஐந்து வயதுப் பேத்தி. அந்த அம்மா ஒடித்துத் திருப்பிப் புல்லில் விழுந்துவிட்டார்கள். நான் செருப்பில்லாமல் ஓடினேன். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஆனால் கத்திக்கொண்டே இருந்தது. "தாக் ஆப்பா காக், தாக் ஆப்பா" என்று அந்த அம்மா எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள், பரவாயில்லை அக்கா என்று. விழுந்தது அவர்கள், நடுங்கினது நான்.

திரும்பி வந்து பார்த்தேன். குங்குமக் கொக்கி தகரத்தோடு பிய்ந்து கயிற்றில் தொங்கியது.

அன்றைக்குச் சாமி மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. வீட்டுக்கு வந்து விளக்குக்கூட ஏற்றவில்லை. பிறகு இரண்டு தடவை அந்த அம்மா வீட்டுக்கு முறுக்கு கொண்டு போனேன். பிள்ளை ஒரு முறுக்கை விரலில் மோதிரமாக மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்த அம்மா மறந்துவிட்டார்கள். எனக்குத்தான் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. வீட்டில் ஏதாவது கீழே விழுந்தால் ஓடிப் போய் ரோட்டைப் பார்க்கிறேன்.

போன தீபாவளிக்கு முன்னால் நீ கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, பின்னால தரையில வளையம் போடணும். பெல்ட் போட்டு இறுக்கினா தோங் அசையாது."

"ஏன், இத்தன வருசம் கயித்துலதானே கட்டுன?"

"கொக்கியெல்லாம் பழசாய்ப் போச்சுக்கா."

"வண்டிக்கு வளையல், கொலுசு எல்லாம் போடு. ஒனக்கு ஒரு பொண்டாட்டி வரட்டும், அவளுக்குப் போடு."

நீ சிரித்துவிட்டுப் போய்விட்டாய். மறுபடி கேட்கவில்லை. ஏன்டா மறுபடி கேட்கவில்லை? நான் திட்டினால் நீ கேட்கிற ஆளா? மற்ற எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நின்றாயே.

பொறு. வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது, மழை வரும் போல. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். குணா செய்த வேலையைச் சொல்கிறேன். குளுவாங் போகிற வழியில் பட்டறை வைத்திருக்கிறானே, அவன்தான். அவனிடம் விட்டுவிட்டு வரலாம் என்று போனேன். அவன் விடவில்லை.

"எங்க போடணும், சொல்லுங்கக்கா."

"நீதானப்பா வேல தெரிஞ்சவன்."

"நான் ஓட்ட போடுறவன். சாமான் ஏத்துறது நீங்க. தோங் எங்க நிக்கும், அண்டா எங்க நிக்கும், எனக்கென்ன தெரியும்?"

வீட்டுக்குத் திரும்பி எல்லாச் சாமானையும் ஏற்றிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்து, சுற்றி அரிசி மாவால் கோடு போட்டேன். சாக்பீஸ் இல்லை, மாவுதான் இருந்தது. "அக்கா, கோலம் போட்டது போதும், எறங்குங்க. மழ வந்தா அழிஞ்சிடும்" என்றான் குணா. மூலைக்கு ஒன்று, நடுவில் பக்கத்துக்கு ஒன்று, ஆறு இடம் குறித்தான். எல்லாம் கீழே தரையோடு. உயரத்தில் கட்டினால் பாரம் சாயுமாம்.

உடனே துளை போடவில்லை. அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டான். பெட்ரோல் டாங்கி எங்கே, பிரேக் குழாய் எங்கே போகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தான். "டாங்கி மேல ஓட்ட போட்டா நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே நாள் கருமாதி, சமைக்கவும் ஆள் இருக்காது" என்றான். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "சாரிக்கா, சாரி" என்று அடியிலிருந்தே கத்துகிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு மாதத்தில் அன்றைக்குத்தான் சிரித்தேன். சிரித்ததும் உடனே அழுகை வந்தது, அது வேறு.

வெறும் நட்டுப் போட்டால் பழைய தகரம் கிழிந்துவிடும் என்று அடியில் உள்ளங்கை அளவு கனத்த தகடு வைத்து முடுக்கினான். துளையின் விளிம்புக்கெல்லாம் துரு பிடிக்காத பெயிண்ட் தடவினான். தண்ணீர் இறங்காமல் பசை வைத்தான். அப்புறம் வளையத்தில் பெல்ட்டை மாட்டி அவனே காலை உதைத்து இழுத்தான். வண்டிதான் ஆடியது, வளையம் அசையவில்லை.

துளை போடுவதற்கு முன்னால்தான் அதைப் பார்த்தோம். தரையில் நீ போட்டிருந்த பிளாஸ்டிக் விரிப்பைக் கழற்றினதும், இடது பக்கச் சுவரில் கொக்கி பிய்ந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தான் குணா.

"அலமாக். அக்கா, இங்க வாங்க. இது புட்டி."

"புட்டின்னா?"

"துரு தின்ன எடத்த அடச்சு, மேல பெயிண்ட் அடிச்சிருக்காரு. சுத்தமான வேல. வெளிய இருந்து பாத்தா யாருக்கும் தெரியாது."

"தெரிஞ்சா செஞ்சான்?"

"தெரியாம யாருக்கா புட்டி வைப்பா? மத்த மூணு கொக்கியையும் பாருங்க. கயிறு ஒரசி ஒரசி உள்பக்கம் பளபளன்னு இருக்கு. பிஞ்ச கொக்கியக் கொண்டு வந்தீங்களே, அதக் காட்டுங்க."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதன் வளைவில் நீ அடித்த பெயிண்ட் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. என் கயிறு உரசின ஒரே ஒரு கோடு மட்டும்.

பெயிண்ட் அடித்த பிறகு அதில் நீ கயிறே கட்டியதில்லை. எத்தனை மாதமாகவோ, மூன்று கொக்கியை வைத்துக்கொண்டு என் அண்டாவையும் தோங்கையும் ஊர் ஊராகக் கொண்டு போயிருக்கிறாய். நான் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏன்டா குணா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா அவன்?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீங்க வண்டிய எடுக்க விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். திட்டித் தீர்த்திருப்பேன். அது உனக்குத் தெரியும்.

மழை கொட்டுகிறது. குடை பிடித்துக்கொண்டு போய், குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். ஆறு துளையிலும் ஒரு சொட்டு இறங்கவில்லை. வாணி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொள்கிறாள். "மழையில நனையுறது வண்டியா, நீங்களா?" என்கிறாள். பிறகு அவளே கீழே வந்தாள். வண்டி மேல் ஏறி, முன் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "ம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதும்.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது பழைய வண்டியில் சாமான் ஏற்றுகிறவர்களாக இருந்தால், கட்டுகிற இடத்தை ஒரு தடவை தட்டிப் பாருங்கள். கூட வருகிறவர்களிடம் எது உறுதி, எது ஆகாது என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

உருண்டை, நாளைக்கு அந்த வளைவில் நான் வேகத்தைக் குறைப்பேன். கண்ணை மூட மாட்டேன். கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, இறங்கி, பெல்ட்டை மறுபடி ஒரு தடவை இறுக்குவேன், குணா சொன்ன மாதிரி. கை நடுங்கினாலும் திரும்பி வர மாட்டேன், சோறு இறக்கிவிட்டுத்தான் வருவேன். உன் வண்டியை விற்க விட மாட்டேன். இது சத்தியம்.

பிய்ந்த கொக்கி இப்போது நோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் நெற்றியில் நீ கடைசியாக வைத்த பொட்டு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றே ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். இந்தக் கொக்கியைத் தொடாதே, இது ஆகாது என்று எனக்கு அடையாளம் வைத்தாயா? இல்லை, அக்காவிடம் சொல்ல முடியாததைச் சாமியிடம் சொல்லி, பார்த்துக்கொள் என்று கும்பிட்டாயா? சொல்லடா, அந்தக் குங்குமம் எனக்கு வைத்ததா, சாமிக்கு வைத்ததா?

இன்னும் உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிற
உன் அக்கா கனகம்