சருகு கூட்டாத வருடம்

பெப்ரவரி 3

இன்றும் தண்ணீர்ப் பவுசர் வரவில்லை. தொழிலாளர் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளின் வாயையும் கையையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். தோட்டத்து மனேஜர் துரையின் பங்களாப் புல்லுக்கு மட்டும் குழாய் ஓடுகிறது. புல்லாகப் பிறந்திருக்கலாம்.

என் புருசன் சுரேந்திரனுக்கு வேலையில்லை. றப்பர் மரங்கள் இலை உதிர்த்து நிற்கின்றன, பால் வெட்டு நிறுத்தம். பின்னால் என் போஞ்சிக் கொடிக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். இந்தப் பாத்தி என் ஆசைக்காகப் போட்டது. மாமிக்குப் பிடிக்காது. "அவன ஏன் வெயில்ல நிக்க வைக்கிற?" என்று மகனுக்காக என்னோடு சண்டை.

பெப்ரவரி 6

இலை உதிரும் மாதத்தில் தோட்டத்து எல்லையோரம் அகலமாகச் சருகைக் கூட்டி வெறும் மண்ணாக்கிவிடுவது வழக்கம். தீ வந்தால் அங்கேயே நின்றுவிடும். ஃபயர்லைன் என்போம். இந்த வருடம் வேண்டாமாம். காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும்போது துரையே சொன்னாராம்: "சருகு மண்ணுல கெடக்கட்டும். காபன் புரொஜெக்ட்டுக்கு அதுதான் நல்லது. வெள்ளக்காரங்க வந்து பாக்கப் போறாங்க."

"தீ வந்தா யாரு பொறுப்பு, துரை?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"நான் பொறுப்பு. போ, போ."

எல்லோரும் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து இவரும் சிரித்தார்.

பெப்ரவரி 19

மேல் டிவிசன் எரிகிறது. தீயை அடித்து அணைக்கக் கொப்பு ஒடித்துக்கொண்டு ஆம்பிளைகள் எல்லோரும் போயிருக்கிறார்கள். இவரும்.

பெப்ரவரி 20

அவிசாவளை ஆஸ்பத்திரியிலிருந்து இவரைக் கொழும்புக்கு மாற்றிவிட்டார்கள். முகம் அப்படியேதான் இருக்கிறது. முதுகைப் பார்க்க விடவில்லை.

பெப்ரவரி 24

போயிட்டாரு.

மார்ச் 2

அடக்கம் முடிந்த கையோடு பொலிஸ் வந்தது. என் போஞ்சிப் பாத்தியைப் படம் பிடித்தார்கள். ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. இவர் பாத்தியில் குப்பை கொளுத்தினாராம், அதிலிருந்துதான் தீ கிளம்பியதாம். சொன்னவர் துரை. கண்ணால் கண்டதாக வாக்குமூலமே கொடுத்திருக்கிறார்.

பாத்தி இருப்பது எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால். தீ வந்தது மேல் எல்லையிலிருந்து, சருகோடு சருகாக. இது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தண்ணீர் எடுக்கப் போகும்போது என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். அணைக்கப் போய்ச் செத்தவன் கொளுத்தினவன் ஆகிவிட்டான்!

மாமி என்னோடு பேசுவதில்லை. "போஞ்சி கேட்டாளே, போஞ்சி" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறார். சோறு போட்டு வைத்தால் நான் நகர்ந்த பிறகுதான் தொடுகிறார்.

மார்ச் 10

எரிந்த மலையைப் பார்க்க அமைச்சர் வந்தார். கருகின மரத்தடியில் நின்று மைக்கில் பேசினார். "இது காலநிலை மாற்றம். உலகமே எரிகிறது. இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது." துரை பக்கத்தில் நின்று தலையாட்டினார். அடுத்த வாக்கியத்திலேயே அமைச்சர், "கவலையீனமாகத் தீ மூட்டும் மக்களும் திருந்த வேண்டும்" என்றார். அப்போதும் அதே தலையாட்டல்.

யாருமே குற்றவாளி இல்லை, என் புருசனைத் தவிர.

மழை பெய்யாததற்கு உலகம் காரணமாக இருக்கட்டும். நான் மறுக்கவில்லை. சருகைக் கூட்டாதே என்று சொன்ன வாய் உலகத்தினுடையது அல்லவே? அந்த வாய் மத்தியானம் சோறு தின்கிறது. அதற்குப் பங்களா இருக்கிறது, ஜீப் இருக்கிறது.

மார்ச் 13

அவன் நல்லா இருக்கக் கூடாது.

மார்ச் 17

யூனியன் தலைவர் "பாப்போம்மா" என்கிறார். பொலிஸில் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு, "சாட்சி இருக்கா?" என்றார்கள். யார் வருவார்கள்? துரை ஒரு வார்த்தை சொன்னால் வேலை போய்விடும்.

பங்களாவுக்கு நெருப்பு வைக்கலாமா என்று யோசித்தேன். பொய்யில்லை, உட்கார்ந்து யோசித்தேன். பிறகு அவன் சொன்னது உண்மையாகிவிடும் - கொளுத்துகிற குடும்பம் என்று.

உண்மை அவன் வாயாலேயே வர வேண்டும். எல்லோர் முன்னாலும். அவன் எதற்குப் பயப்படுவான்? பொலிசுக்கு இல்லை, அமைச்சருக்கு இல்லை. ஜீப்பில் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறான். எங்கள் மாரியம்மனுக்கு வருசா வருசம் பட்டு வாங்கித் தருகிறான்.

திருவிழா வருகிறது.

மார்ச் 27

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தது. வருடம் திரும்பாமல் நாங்கள் கோயில் படி ஏறக்கூடாது. ஏற வேண்டாமே. தேர் எங்கள் லயத்து ரோட்டால்தான் வரும். பங்களா வாசலில் துரைக்கு மாலை போட்டு, தலைப்பாகை கட்டி, தேருக்கு முன்னால் நடத்திக் கூட்டி வருவார்கள். என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

குழந்தைகள் போன பிறகு காம்பராக் கதவைச் சாத்திவிட்டு ஆடிப் பார்த்தேன். எனக்கு ஒருநாளும் சாமி வந்ததில்லை. வரும் என்று நம்பியதுமில்லை. இந்தத் தோட்டத்தில் சாமியாடுவது மாமிதான். அவர் தலை சுழற்றுவது மாதிரிச் சுழற்றினேன். மயக்கம் வந்து தொட்டிலில் இடித்துக்கொண்டேன். பழக வேண்டும்.

ஏப்ரல் 5

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தப்புச் சத்தம் லயத்துக்குக் கிட்ட வந்ததும் முடியை அவிழ்த்துவிட்டு ரோட்டில் பாய்ந்தேன். தேர் நின்றது. முன்னால் துரை, கழுத்தில் மாலை. பக்கத்தில் திருவிழாவுக்கு வந்திருந்த அமைச்சர்.

"என் மலைய எரிச்சவன் யாருடா?" என்று கத்தினேன். குரல் எனக்கே பயமாக இருந்தது.

துரையின் முகம் வெளுத்தது. ஆனால் பூசாரி கையை நீட்டித் தடுத்தார். "சாவு விழுந்த துடக்கு வீட்டுக்கு அம்மா எப்புடி வருவா? புள்ளைய உள்ளுக்குக் கூட்டிட்டுப் போங்க." யாரோ சிரித்தார்கள். துரைக்கு மூச்சு வந்தது, அவனும் சிரித்தான். நான் ஆடுவதை மறந்து நின்றுவிட்டேன். முடிந்தது, பைத்தியக்காரி என்று கட்டி வைப்பார்கள் என்று நினைத்தேன்.

அப்போது மாமி வெளியே வந்தார். கையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பு. என் தலையில் ஊற்றினார். "வந்துட்டா! எனக்குத் தெரியாதா? தாயே, வந்துட்டியா!" என்று ரோட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

அதற்குப் பிறகு யார் நிற்பார்கள்? தேர் இழுத்தவர்கள் விழுந்தார்கள். பூசாரி விழுந்தார். அமைச்சர் பின்னால் நகர்ந்து ஆட்களுக்குள் போய்விட்டார். மாலையும் தலைப்பாகையுமாக அவன் ஒருவன் மட்டும் நின்றான். சுற்றிலும் பார்த்தான். சப்பாத்தைக் கழற்றினான். முழங்கால் போட்டான்.

"சொல்லு" என்றேன்.

"ஃபயர்லைன் வேணாம்னு சொன்னது நான். சுரேந்திரன் கொளுத்தல்ல. நான் ஒண்ணும் பாக்கல்ல... பொலிசுக்குப் பொய் சொன்னேன். மாணியனே, சமாவென்ன!" தாயே, மன்னித்துவிடு என்று பயத்தில் தமிழும் சிங்களமும் கலந்து வந்தது. எத்தனையோ போன்கள் மேலே எழும்பியிருந்தன.

திருநீற்றுக்குக் கை ஏந்தினான். காலில் விழுந்தவனுக்குக் கொடுக்காமல் அம்மன் மலையேறுவதில்லை. நான் கொடுக்கவில்லை. கொடுக்காமலே கீழே சாய்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு அவன் அழுவதைக் கேட்டேன். சந்தோசமாக இருந்தது. எழுதுவதற்கு என்ன வெட்கம்? ரொம்பச் சந்தோசமாக இருந்தது.

ஏப்ரல் 10

வீடியோ நாடு முழுக்கப் போயிருக்கிறது. பொலிஸ் திரும்ப வந்து, இந்தத் தடவை என்னை உட்காரச் சொல்லி விசாரித்தது. யாரும் கூப்பிடாமலே தொழிலாளர்கள் சாட்சி சொல்லப் போகிறார்கள். துரையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஜீப்பில் பெட்டி ஏற்றும்போது என் வாசல் பக்கம் பார்த்துக் கும்பிட்டான். நான் கதவைச் சாத்தினேன்.

கம்பெனி அறிக்கை விட்டிருக்கிறது. காலநிலை மாற்றமாம். இருக்கட்டும், அந்தப் பெரிய துரைமார்களுக்கு ஒருநாள் வரும்.

ஏப்ரல் 15

நேற்றுப் புத்தாண்டு. எங்களுக்கு இல்லை. பின்னேரம் மழை பெய்தது. லயத்துப் பொம்பிளைகள் வந்து "அம்மா மழை குடுத்துட்டா" என்று என் காலைத் தொடுகிறார்கள். காலை எங்கே ஒளிப்பது?

மாமியை ஏமாற்றியது மட்டும் மனசுக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர், என்னைச் சாமி என்று நம்பி ரோட்டில் விழுந்தாரே. இன்று காலை கேட்டுவிட்டேன்.

"மாமி, அன்னைக்கு எனக்கு நெசமாவே சாமி வந்துச்சுன்னு நெனச்சீங்களா?"

அரிசி களைந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை. "எத்தன வருசம் ஆடுனவ நான். நடிப்பு எது, சாமி எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் கால்ல விழுந்தீங்க?"

"நான் விழுந்தாத்தானே அவன் விழுவான்."

உலையில் அரிசியைப் போட்டார். இரண்டு பேருக்கும் சோறு போட்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.